மழை நாளில் கப்பலிலிருந்து மலையகத்துக்கு: ஒரு பகல் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

உல்லாசக் கப்பலில் வந்து இலங்கையில் ஒரே ஒரு பகல் மட்டும் கரையிறங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வானம் மூடிக்கிடக்கிறது, மலைநாட்டுக்குப் போகலாமா?" போகலாம். கண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஊரை மழையில் பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மழை உங்கள் நேரத்தை விழுங்கும். வெயில் நாளில் மூன்று இடம் பார்க்கும் பயணத்தில் மழை நாளன்று ஓர் இடத்தைத்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும். அந்த ஓர் இடத்தைத் தெரிவு செய்வது எப்படி, அதைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏணியை எடுப்பதற்குள் திரும்புவது எப்படி என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கப்பல் மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கப்பல் புறப்படும் நேரம் ஒன்று, பயணிகள் எல்லாரும் ஏறிவிட வேண்டிய கடைசி நேரம் வேறொன்று. பின்னது அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தியிருக்கும், உங்களுக்குரியது அதுதான். அது எந்த ஊர் மணி என்பதையும் இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கை மணியும் இந்திய மணியும் ஒன்றே என்பதால் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தொல்லையில்லை. தாய்லாந்துப் பக்கமிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கப்பலில் மாலை 6 மணி ஆகும்போது உங்கள் கைபேசி 4.30 என்றுதான் காட்டும். இந்த ஒன்றரை மணித்தியாலத்தில் கப்பலையே தவறவிடலாம்.

கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர். காய்ந்த நாளில் மூன்று முதல் மூன்றரை மணித்தியாலம். மழையில் நான்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்குள் ஏற வேண்டுமென்றால், வழியில் ஏதும் நேர்ந்தால் சமாளிப்பதற்காக ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி 5 மணிக்குத் துறைமுக வாயிலில் நிற்க வேண்டும். அதற்குக் கண்டியை விட்டு 12.30க்குப் புறப்பட வேண்டும். காலை 7.30க்கு வாயிலைத் தாண்டியவர், மழை வலுக்கும் முன் ஏறினாலும், கண்டியை அடைய 11 மணியாகிவிடும். மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம். கசப்பான கணக்குத்தான், ஆனாலும் இதை முதலில் போட்டுவிட்டால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் எளிதாகும்.

கடைசி நேரம் மாலை 5 மணிக்கு முன் என்றால், கண்டிக்கு முன்பே வரும் கடுகண்ணாவையோடு திரும்பிவிடுங்கள். 6 அல்லது 7 என்றால் கண்டி வட்டாரத்தில் ஓர் இடம் பார்க்கலாம். கப்பல் இரவு தங்குகிறது என்றால்தான் கண்டி நகரையும் தேயிலையையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் சரிவரும். நுவரெலியாவைப் பற்றி ஒரு வரி போதும்: மழை நாளில், கப்பல் காத்திருக்க, அங்கே போகாதீர்கள்.

படி 2: எந்தத் துறைமுகம், எந்த மலை

மலையகம் என்றதும் எல்லாத் துறைமுகத்திலிருந்தும் ஒரே தூரம் என்று பலர் எண்ணுகிறார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்குப் போனது. கொழும்பு அந்தப் பாதையில் இல்லை. காங்கேசன்துறையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் ஒரு பகலில் மலைக்குப் போய்த் திரும்புவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அம்பாந்தோட்டையிலிருந்து வெல்லவாய வழியாக எல்ல என்ற மலை ஊருக்குப் போகலாம்; அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். கண்டிக்குக் கொழும்புதான் வாசல்.

படி 3: மழையின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மலைகளின் மேற்குச் சரிவை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி கிழக்குச் சரிவை, அதாவது ஊவாப் பக்கத்தை நனைக்கும். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் அடித்து, பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டுவதுதான் வழக்கம். ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரைதான் கப்பல்கள் கூடுதலாக வரும் என்பதால், உங்களுக்கு வாய்க்கப்போவது பெரும்பாலும் இந்தப் பிற்பகல் மழைதான். ஆகவே தூரமான இடத்தை முதலிலும், திறந்த வெளியைக் காலையிலும், கூரையுள்ள இடத்தை அதன் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலேறுவது மழை நாளுக்கு ஒத்துவராது.

படி 4: போகக்கூடாத நாளை அடையாளம் காணுங்கள்

மழை வேறு, மண்சரிவு வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டை நாங்கள் மறக்கப்போவதில்லை. அதற்குச் சில நாள் முன்புதான், உங்கள் வாகனம் ஏறப்போகும் அதே கொழும்பு–கண்டி வீதியில், பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்களைப் பறித்தன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாகவும் பிரதேச வாரியாகவும் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் விழிப்பாக இருக்கச் சொல்வது, செம்மஞ்சள் வெளியேறத் தயாராகச் சொல்வது, சிவப்பு வெளியேறச் சொல்வது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தாலே அவர்கள் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் விதி இது: மாவனல்லை, கடுகண்ணாவைப் பகுதிகளுக்குச் செம்மஞ்சள் வந்துவிட்டால் மலைப் பயணத்தைக் கைவிட்டு, கொழும்பிலேயே பகலைக் கழித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் சாரதியிடம் பேசி முடிவெடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 ஆகிய மூன்று இலக்கங்களையும் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் போகும்போது கண்ணால் பார்த்தும் அறியலாம். மின்கம்பமோ மரமோ புதிதாகச் சாய்ந்திருப்பது, வீதியில் வெடிப்பு ஓடியிருப்பது, மண்மேட்டிலிருந்து தெளிந்து வடிந்த நீர் திடீரென்று கலங்கி வருவது ஆகியவை மண் நகர்வதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட இடத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள்.

படி 5: வாகனமா, ரயிலா, கப்பலின் சுற்றுலாவா

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை கூடியது, அவசரப்படுத்துவார்கள், உங்களுக்குப் பிடித்த இடத்தில் பத்து நிமிடம் கூட நிற்க விடமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் வழக்கமாகக் காத்திருக்கும். தனியாக எடுத்த வான் பிந்தினால் காத்திருக்காது. கன மழை எதிர்பார்க்கப்படும் நாளில் அந்தக் கூடுதல் விலையைக் காப்பீடு என்று எண்ணிக் கொடுத்துவிடலாம். சாதாரணத் தூறல் நாளில் தனி வான் எடுப்பதே என் விருப்பம். துறைமுகத்துக்குள் நடக்க அனுமதி இல்லாததால் வாயில் வரை கப்பலின் பஸ்ஸில் வந்து, வெளியே நிற்கும் உங்கள் சாரதியைச் சந்திக்கும்படி முன்னரே பேசி வையுங்கள். மொத்தத் தொகை, வீதிக் கட்டணம், தரிப்பிடக் கட்டணம் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன் பேசி முடிப்பது நல்லது. வழியில் உள்ள வாசனைத் தோட்டங்களில் நிறுத்த வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எண்ணெய்க் குப்பிகளின் விளக்கவுரையிலேயே முக்கால் மணித்தியாலம் போய்விடும்.

ரயில் அழகானது. 1867இல் கண்டி வரை போடப்பட்ட அந்தப் பாதை ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏறத்தாழ 44 அடிக்கு ஓர் அடி என்ற சாய்வில் ஏறுகிறது. மழையில் முதலில் அடைபடுவதும் அந்த ஏற்றம்தான். கப்பல் பயணி மழை நாளில் ரயிலை நம்பித் திரும்ப நினைப்பது சரியில்லை.

படி 6: உடுப்பும் பையும்

தொப்பியுள்ள மழை அங்கி ஆளுக்கொன்று, குடை இருவருக்கொன்று, சிறு துவாய், ஒரு சோடி காய்ந்த காலுறை, ஈரத்தைப் போட்டுவைக்கப் பொலித்தீன் பை. வெள்ளைக் காற்சட்டையைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். கண்டியில் புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகைக்குப் போவதானால் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். கப்பல் அட்டை, கடவுச்சீட்டு அல்லது அதன் நகல், கப்பலின் துறைமுக முகவருடைய தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை நனையாத உறையில் வையுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் சார்க் நாட்டவருக்கான குறைந்த நுழைவுக் கட்டணம் உண்டு. அதற்கும் அந்த நகல் உதவும்.

தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்க எண்ணம் இருந்தால் இரத்தம் குடிக்கும் அட்டையை எதிர்பாருங்கள். காலில் ஏறினால் பிய்த்து இழுக்காமல், உப்பையோ எலுமிச்சம் புளியையோ வைத்தால் தானே விழும். காலுறைக்குமேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

படி 7: ஏறும் வழி

கடவத்தை, நிட்டம்புவ, வறக்காப்பொல, கேகாலை, மாவனல்லை என்று வீதி போகிறது. பஸ்யாலைக்கு அருகே கஜுகமவில் பெண்கள் வீதியோரம் வைத்து விற்கும் கஜுவை, அதாவது முந்திரிப் பருப்பைத் தவிர வேறெதற்கும் நிற்க வேண்டாம். கேகாலையில் பிரியும் பின்னவல யானைகள் சரணாலயத்தை மழை நாளில் நான் விட்டுவிடச் சொல்வேன். 1975இல் தொடங்கப்பட்ட அந்த இடத்தின் சிறப்பே யானைகள் மஹா ஓயாவில் குளிப்பதுதான்; ஆறு பெருகினால் அவற்றை இறக்கமாட்டார்கள்.

மாவனல்லை தாண்டியதும் ஏற்றமும் வளைவும் தொடங்கும். கடலில் இரண்டு மூன்று நாள் ஆடிவிட்டு வந்த வயிற்றுக்கு இந்த வளைவுகள் ஒத்துக்கொள்வதில்லை. தலைசுற்றுகிறவர்கள் முன் இருக்கையில் அமரட்டும். காலை உணவைப் பாதியோடு நிறுத்தட்டும். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய வழியும், அதற்கு மேலே வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும் உள்ளன. கோபுரம் எழுந்தது 1832இல். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்க வம்சத்தவர், வேலூரில் காவலில் இறந்ததும் அதே 1832இல்தான். அவருடைய ராச்சியத்துக்குள் ஆங்கிலேயர் போட்ட வீதி இது. வேலூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க நியாயம் உண்டு.

இதற்கு மேல் நேரமில்லை என்றால் கடுகண்ணாவை ரயில் நிலையத்தை ஒட்டிய ரயில் நூதனசாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பிள்ளைகள் இருந்தால் அதுவே போதும்.

படி 8: ஒரே ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

மழை நாளுக்கு என் முதல் தெரிவு தேயிலைத் தொழிற்சாலை. எங்கள் தோட்டத்துப் பேச்சில் 'ஸ்டோர்'. கண்டிக்கு முன்பே, பிலிமத்தலாவையில் உள்ள கெரகம தொழிற்சாலை பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையைத் தேயிலை நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. இயங்கும் ஆலையைப் பார்ப்பதா, நூதனசாலையைப் பார்ப்பதா என்றால் இயங்கும் ஆலையைத்தான் சொல்வேன். திங்கட்கிழமைகளில் மட்டும் யோசியுங்கள்: நூதனசாலை மூடியிருக்கும், ஞாயிறன்று கொழுந்து பறிக்காததால் பல ஆலைகளிலும் அன்று வேலை இராது.

உள்ளே போனதும் மாடிக்கு ஏறிவிடுங்கள். அங்கேதான் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுகிறார்கள். சாதாரண நாளிலேயே 12 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மழையில் பறித்த கொழுந்து மேலும் நேரம் கேட்கும் என்பதால் சூடான காற்றைச் சேர்த்து ஊதுவார்கள். கையை விட்டுப் பார்த்தால் மேற்பக்கம் துணிபோல் துவண்டும், அடிப்பக்கம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெட்டிய புல்லுக்கும் பழுத்த ஆப்பிளுக்கும் இடைப்பட்ட ஒரு மணம் தலையைச் சுற்றும். கீழே உருட்டும் இயந்திரம் இலையை முறுக்கிப் பிழிகிறது. காற்றுப்பட்டுப் பச்சை செம்பு நிறமாகிறது. பின் உலையில் காய்ந்து, சல்லடைகளில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தரங்களாகப் பிரிகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மழையில் இடுப்பில் படங்கைச் சுற்றி, தலைக்கு மேல் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு பெண்கள் கொண்டுவரும் கொழுந்தை நிறுக்கும்போது, இலையில் உள்ள ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்து எழுதுவது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பதில் சண்டை வராத மழைக்காலம் இல்லை. உங்கள் கோப்பைத் தேநீரில் அந்தக் கணக்கும் இருக்கிறது. மலையில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். லயங்களுக்குள் கைபேசியை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள்.

இரண்டாவது தெரிவு தலதா மாளிகை. புனிதப் பல் இருக்கும் பேழை உள்ள அறையின் கதவு பூசை வேளைகளில்தான் திறக்கும். காலைப் பூசை 9.30 என்பதால் கப்பலிலிருந்து வருகிறவர்கள் அதைப் பிடிக்க விரட்டுவதில் பயனில்லை. அமைதியான 11 மணி நல்லது. சப்பாத்தை வெளியே விட வேண்டும். நனைந்த கருங்கல் வழுக்கும், முதியவர்களைக் கைப்பிடித்து நடத்துங்கள். பை சோதனைக்கென்று கால் மணித்தியாலம் வையுங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, கூட்டம் மிகுதி. அன்று இதைத் தவிருங்கள்.

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். தூறலில் அதன் அரச பனை வரிசை கழுவி வைத்ததுபோல் நிற்கும், ஓர்க்கிட் மனைக்குக் கூரையும் உண்டு. ஆனால் இடி கேட்டால் அந்தப் பெருமரங்களின் கீழ் ஒரு கணமும் நிற்கக்கூடாது. காலையில் மழை விட்டிருந்தால் மட்டும் இதைத் தெரிவு செய்யுங்கள்.

படி 9: சாப்பாடு

மழையில் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய மதிய உணவுக்கு ஒரு மணித்தியாலம் போகும். அதைவிட, வீதியோரக் கடையில் கல்லிலிருந்து எடுத்த தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஓர் இஞ்சி பிளேன்டீயும் போதும். சைவ உணவு வேண்டுகிறவர்கள் ரொட்டியை வாங்கும்போது சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அம்பாந்தோட்டையில் இறங்கினால்

எல்ல ஏறத்தாழ 120 கிலோமீற்றர். வெல்லவாய வரை சமவெளி; அதன் பின் ஏற்றம். மழை நாளில் இந்தப் பாதையின் பரிசு வீதியோரத்திலேயே விழும் இராவணன் நீர்வீழ்ச்சி, வாகனத்தை விட்டு அதிகம் நடக்காமலே பார்க்கலாம். பாறையில் ஏறவோ நீரில் இறங்கவோ வேண்டாம். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை சேறாகியிருக்கும், பாலமும் மூடுபனியில் மறைந்திருக்கலாம். நேரம் இருந்தால் மட்டும் முயலுங்கள். எல்ல–வெல்லவாய வீதி கற்கள் உருளும் வீதி. 2025 செப்டெம்பரில் இரவு வேளையில் ஒரு பஸ் அங்கே பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இருட்டுவதற்கு முன் வெல்லவாயவை அடைந்துவிடும்படி கணக்குப் போடுங்கள்.

படி 10: திரும்பும் நேரத்தை யாருக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்

ஒரு நவம்பரில் என் மாமா கப்பலில் கொழும்புக்கு வந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. பிறந்த தோட்டம் கலஹாப் பக்கம். கண்டியை அடைந்தபோது மணி 11.20, மழை சரம்சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் இருபது கிலோமீற்றர்தானே, மருமகனே" என்றார். அந்த இருபது கிலோமீற்றருக்குப் போகவே ஒரு மணித்தியாலம் வேண்டும். நான் மறுத்து, அவரை ஒரு ஸ்டோருக்கு அழைத்துப்போனேன். மாடியில் வாடும் கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

சரியாக 12.30க்குப் புறப்பட்டோம். மாவனல்லைக்கு மேலே ஒரு மரம் விழுந்து நாற்பது நிமிடம் நின்றோம். கடவத்தையிலிருந்து கிரிபத்கொடை வரை வாகனங்கள் ஊர்ந்தன. துறைமுக வாயிலை அடைந்தபோது 5.25. கலஹாவுக்குப் போயிருந்தால் கப்பலின் விளக்கைத்தான் பார்த்திருப்போம். ஆகவே, தேயிலைப் பொட்டலம் வாங்குவதை ஆலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் வழியில் எதற்கும் நிற்காதீர்கள். வறக்காப்பொலவைத் தாண்டியதும் முகவருக்கு ஓர் அழைப்பு எடுத்து எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

வாயிலில் பை சோதனைக்கு முன் சப்பாத்தைக் கழற்றி ஒருமுறை உதறிப் பாருங்கள். ஸ்டோருக்குப் பின்னாலிருந்த செடிகளுக்குள் ஐந்தே நிமிடம் நின்ற மாமா, கணுக்காலில் ஒரு கொழுத்த அட்டையோடு கப்பல் பஸ்ஸில் ஏறப் பார்த்தார். எடுத்துவிடப் போன என் கையைப் பிடித்து, "இரு, நம்ம ஊர்க்காரன்தானே" என்றார்.